புதுப்பிப்பு: அம்மாவோடு ஜார்ஜ் டவுன், நான்கு நாள் சாப்பாடு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனுக்குப் போகிறோம், அம்மா சுத்த சைவம், நான் எல்லாம் சாப்பிடுவேன், எங்கே போகலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. போய் வந்துவிட்டோம்.

முதலில் சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கங்குங் கீரை வதக்கல் பார்க்கச் சைவம்போலத்தான் இருக்கும். ஒரு கடையில் அம்மா வாயருகே கொண்டுபோன பிறகுதான் வாடை பிடித்து நிறுத்தினேன். அதில் பெலாசான், அதாவது இறால் விழுது. "பெலாசான் போடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சார் குவே தியாவ் என்ற அரிசி நூடுல்ஸ் வதக்கலிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். அம்மாவுக்கு லிட்டில் இந்தியாவே போதுமாக இருந்தது. குயின் ஸ்ட்ரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே இட்லி.

எனக்கு நாசி கண்டார்தான். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித்தண்டு வைத்து, இரு முனையிலும் சோறும் குழம்புமாகச் சுமந்து விற்ற சாப்பாடு. 'கண்டார்' என்பது அந்தத் தண்டுதான். "பஞ்சிர்" என்று கேளுங்கள், வெள்ளம் என்று அர்த்தம். மீன்குழம்பு, கோழிக்குழம்பு, தாளிச்சா மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். தட்டின் ஓரத்தில் எல்லாம் கலந்து செம்பழுப்பாக நிற்கும் இடம் இருக்கிறதே, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸ் சூப்பை விட்டுவிடாதீர்கள். புளியும் அயிலையும் சேர்ந்த அந்தச் சாறு நம் மீன்குழம்புக்கு உறவுக்காரன்.

கெர்னி டிரைவ் உணவுக்கடைப் பகுதியில் இரவுக் கூட்டம் அதிகம், அம்மாவால் நிற்க முடியவில்லை. பெரியவர்களோடு போனால் மாலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள்.