புதுப்பிப்பு: சாப்பிடாமல் கிடந்த இகுவானா

நான் வளர்க்கிற நாலரை அடி பச்சை இகுவானா (பெரிய பல்லி இனம்) இலையைத் தொடாமல் கிடக்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, இப்போது தேறிவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

காரைக்குடி வெயில் போதாதா என்று வளவுக்குள் (வீட்டின் உள்முற்றத்தில்) ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விட்டிருந்தேன். அந்தக் குளிர்ச்சி நமக்குச் சுகம். அதற்கோ உடம்பு சூடேறினால்தான் தின்ற இலை செரிக்கும். போதாததற்கு, முற்றத்துக்கு மேல் மழைக்காகப் போட்ட பாலிகார்பனேட் ஷீட் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுகிறது. அந்தக் கதிர் இல்லாமல் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியமும் எலும்பில் சேராது.

மத்திய, தென் அமெரிக்காவில் ஆற்றோர மரங்களின் உச்சியில் வாழ்கிற ஜீவன் அது. ஷீட்டில் பாதியைக் கழற்றி, ஆளுயரத்தில் மாங்கிளை ஒன்றைக் கட்டினேன். மூன்றாம் நாள் காலை அதில் ஏறி, நாலு காலையும் தொங்கவிட்டுப் படுத்திருந்தது!

முட்டை கொடுக்கச் சொன்னவர்களுக்கு: வேண்டாம். அப்பத்தாவும் இதை "உடும்பு" என்றுதான் கூப்பிடுகிறார்; உடும்பு மாமிசம் தின்னும், இது சுத்த சைவம். புலால் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். முருங்கைக்கீரையும் செம்பருத்திப் பூவும்தான் இப்போது சாப்பாடு.

மூக்கோரம் வெள்ளைப் பொடி கண்டு சளி என்று பயந்தேன். உடம்பில் மிஞ்சிய உப்பைத் தும்மித் தள்ளுகிறதாம்.

வெளிநாட்டு உயிரினம் வளர்ப்பதைப் பதிவு செய்கிற மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்தாகிவிட்டது.