கரும்பு பச்சையாக நிற்கிறது, செயற்கைக்கோள் படம் காய்ந்துவிட்டது என்கிறது. உதவி!

கூட்லான்ஸ்_கரும்பு: வணக்கம். அவசரம். வயல் பச்சைப்பசேல் என்று இருக்கிறது, படத்தில் என்டிவிஐ (பயிரின் பச்சையைக் காட்டும் எண், 1ஐ நெருங்கினால் அடர்ந்த பச்சை) 0.53தான் வருகிறது. 2021 அக்டோபரில் இதே வயல் 0.8. தண்ணீர் போதவில்லையா? சாயந்திரம் வால்வைக் கூடுதல் நேரம் திறக்கட்டுமா?

ரிவியேர்_பையன்: எந்தச் செயற்கைக்கோள்? எந்தத் தேதி? எவ்வளவு நிலம்? சொட்டுநீரா, தெளிப்பா?

தோட்டக்காரர்_62: தம்பி, மேக நிழலாக இருக்கும். மொரீஷியஸ் மேட்டு நிலத்தில், கியூர்பிப் பக்கம் எங்களுக்கு எப்போதும் இதே கதைதான்.

கூட்லான்ஸ்_கரும்பு: மேகமே இல்லை. சென்டினல்-2, போன செவ்வாய்க்கிழமை. 3 ஆர்ப்பா (ஏறக்குறைய 3 ஏக்கர்), சொட்டுநீர். ஜூலையில் வெட்டிய கட்டைப்பயிர்.

ரிவியேர்_பையன்: வயல் நடுவில் கருங்கல் குவியல் இருக்கிறதா? படத்தின் ஒரு புள்ளியான 10 மீட்டர் கட்டத்தில் கல்லும் கரும்பும் கலந்தால் எண் இறங்கும்.

கூட்லான்ஸ்_கரும்பு: குவியல் ஓரமாக ஒன்றுதான். இறங்கியிருப்பது வயல் முழுக்க.

வான்நோக்கி: மாதம் ஒருவர் இதையே கேட்கிறார், பழைய பதிவுகளை யாரும் படிப்பதில்லை. என்டிவிஐ தண்ணீரை அளக்காது, இலைப் பச்சையைத்தான் காட்டும். கரும்பு தாகத்தில் இருந்தாலும் சில நாள் பச்சையாகவே நிற்கும். ஈரம் தெரிய பி8ஏ, பி11 என்ற அகச்சிவப்புப் பட்டைகள் வேண்டும், அவை 20 மீட்டர் கட்டம். இது தெரியாதவர்கள் வால்வில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

ரிவியேர்_பையன்: பாடம் சரி அண்ணே. பச்சை வயலில் பச்சை எண் ஏன் இறங்கியது என்றுதானே அவர் கேட்கிறார்?

தோட்டக்காரர்_62: ஒரு சாண் தோண்டி மண்ணைப் பிடித்துப் பார். உருண்டை நின்றால் ஈரம். அந்தக் காலத்தில் எந்தப் படம் இருந்தது?

ட்ரோன்_திரியோலே: ஐயா, 3 ஆர்ப்பாவில் எத்தனை இடம் தோண்டுவீர்கள்? ஒரு ட்ரோன் ஏற்றினால் வரிசை வரிசையாகத் தெரியும்.

தோட்டக்காரர்_62: ட்ரோன் விலைக்கு இரண்டு மாடு வாங்கலாம்.

ட்ரோன்_திரியோலே: மாடு வேலி ஓட்டையைப் படம் பிடிக்குமா?

வான்நோக்கி: இதற்குத்தான் இங்கே எழுதவே பிடிப்பதில்லை.

மீனா_பம்பிள்மூஸ்: 2021 படம் அப்போதே இறக்கி வைத்ததா? அப்படியென்றால் விஷயம் புரிகிறது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு எண்ணோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். என்டிவிஐ என்பது அகச்சிவப்பு, சிவப்பு எண்களின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுப்பது. சிவப்பு 400, அகச்சிவப்பு 3600 என்றால் 3200ஐ 4000ஆல் வகுக்க 0.8. கழிக்காவிட்டால் 1400, 4600. அதே 3200ஐ 6000ஆல் வகுக்கிறீர்கள். 0.53! உங்கள் எண்ணேதான். க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் நீங்களே சூத்திரம் எழுதினீர்களா?

கூட்லான்ஸ்_கரும்பு: ஆமாம் அக்கா, நானே எழுதினது. பார்க்கிறேன்.

(மறுநாள்)

கூட்லான்ஸ்_கரும்பு: கழித்தேன், 0.79 வந்தது. வால்வைத் தொடவில்லை. கற்குவியல் பக்கத்து மூலை மட்டும் 0.6. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. போனால், குழாயின் கடைசி மூடி கழன்று தண்ணீர் பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை நாளாகவோ. நன்றி.

தோட்டக்காரர்_62: போய்ப் பார் என்று நான்தானே சொன்னேன்.

ட்ரோன்_திரியோலே: நீங்கள் தோண்டச் சொன்னீர்கள் ஐயா.