சாம்பிராணி போட்டாலே கத்துகிற ஸ்மோக் டிடெக்டர்: கழற்றிவிடலாமா?

மாடிவீட்டுக்காரன்:

அம்பத்தூர் பக்கம் தனி வீடு. கீழே அப்பா அம்மா, மேலே நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். போன வருடம் எதிர் வீட்டில் ஏசி ஸ்டெபிலைசர் கருகி பக்கத்திலிருந்த திரைச்சீலையில் பற்றிக்கொண்டது, நல்லவேளையாக எல்லோரும் விழித்திருந்த நேரம். அதைப் பார்த்த பயத்தில் 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற ஸ்மோக் டிடெக்டர் இரண்டு ஆன்லைனில் வாங்கி, ஒன்றைக் கீழே சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலேயும் இன்னொன்றை ஹாலில் பூஜை மாடத்துக்குப் பக்கத்திலும் நானே மாட்டினேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் எங்கே புகை வருமோ அங்கேதானே மாட்ட வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

காய்ந்த மிளகாய் தாளித்தால் கத்துகிறது, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் கத்துகிறது. அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒட்டடைக் குச்சியால் ஒரு போடு போட்டார், சமையலறையில் இருந்தது மூடி உடைந்து தொங்குகிறது. ஹாலில் இருப்பது இரண்டு வாரமாக ராத்திரி மூன்று மணிக்கு மேல் நிமிடத்துக்கு ஒரு தரம் 'கீச்' என்கிறது, விடிந்ததும் வாயை மூடிக்கொள்கிறது. அப்பா பேட்டரியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டார்.

இதற்கிடையில் மேல்மாடிக்கென்று ஒரு கடையில் மலிவாக மூன்று வாங்கி வைத்திருக்கிறேன், அதில் ஒன்று ஹீட் டிடெக்டர் என்றார்கள், இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. மின்சார ஸ்கூட்டர் வேறு மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் ஆகிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா, இல்லை இடம் மாற்றினால் சரியாகுமா?


பேனல்காரன்:

தம்பி, கழற்ற வேண்டாம். பதினாலு வருடமாகத் தீ அலாரம் மாட்டுகிற வேலைதான், முதலில் ஷார்ஜாவில், இப்போது சென்னையில். டிடெக்டர் கெட்டுப்போய் இருக்கிற வீட்டைவிட, சத்தம் பொறுக்காமல் பேட்டரியைப் பிடுங்கிய வீட்டைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் கருவியில் கோளாறு இல்லை, மாட்டிய இடம்தான் தப்பு.

முதலில் சமையலறை. நம் சமையலுக்கு அங்கே ஸ்மோக் டிடெக்டர் ஒத்தே வராது, ஹீட் டிடெக்டர்தான். அதற்குப் புகை ஒரு பொருட்டே இல்லை, கூரையடிச் சூடு 57, 58 டிகிரி தாண்டினால் அடிக்கும். சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்கிற வகையும் உண்டு, நிமிடத்துக்கு எட்டு டிகிரிக்கு மேல் ஏறினால் அடிக்கும் என்கிற கணக்கு, ஆனால் அடுப்புக்கு மேலே அந்த வகை சும்மா சும்மா அடிக்கும், நிலையான வெப்ப அளவு வகையே போதும். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: ஹீட் டிடெக்டர் அடிக்கும்போது தீ ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும். அதனால் படுக்கிற இடத்தில் அதை நம்பி இருக்கக் கூடாது, அங்கே ஸ்மோக்தான்.

ஹாலில் இருப்பதைப் பூஜை மாடத்திலிருந்து தள்ளி, படுக்கையறைகளுக்குப் போகிற நடையில் மாட்டுங்கள். அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மேலே மாடிப்படி முடிகிற இடத்தில் ஒன்று கட்டாயம், கீழே கிளம்புகிற புகை படி வழியாகத்தான் ஏறும். ஸ்கூட்டர் படிக்குக் கீழே நிற்கிறது என்கிறீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த பேட்டரி பற்றினால் நீங்கள் இறங்கி ஓட வேண்டிய வழியிலேயே எரியும். சார்ஜ் போடுகிற இடத்தை வெளியே மாற்றுங்கள், அதற்கப்புறம் டிடெக்டரைப் பற்றிப் பேசலாம்.

அறைக்குள் மாட்டினால் ஃபேனைப் பாருங்கள். றெக்கை நுனியிலிருந்து 90 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகையை ஒதுக்கித் தள்ளிவிடும். பத்துக்குப் பத்து அறை, நடுவில் 48 அங்குல ஃபேன் என்றால், ஒரு மூலையில் இரண்டு சுவரிலிருந்தும் ஓரடி விட்டு மாட்டினால் றெக்கை நுனிக்கு மூன்றரை அடிக்கு மேல் கிடைக்கும், இடம் சரியாக அமைந்துவிடும். ஏசி காற்று நேராக அடிக்கிற இடமும் வேண்டாம். துளை போடும்போது ஃபேன் பெட்டிக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவே நேர்கோட்டில் போடாதீர்கள், தளத்துக்குள் பைப்பில் வயர் ஓடும், போன மாதம்கூட ஒருவர் அதில் டிரில்லை இறக்கி வீட்டையே இருட்டாக்கினார்.

ராத்திரி 'கீச்' என்பது பேட்டரி தீரப்போகிறது என்கிற அறிவிப்பு. விடியற்காலையில் அறை குளிரும், குளிர்ந்தால் பேட்டரி வோல்டேஜ் இறங்கும், இறங்கினால் கத்தும், வெயில் ஏறினால் மறுபடி தாக்குப்பிடிக்கும். பேய் பிசாசு எல்லாம் இல்லை. நல்ல அல்கலைன் பேட்டரி போடுங்கள், ரீசார்ஜ் வகை வேண்டாம்.

சாம்பிராணிக்கு: ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையின் துகள் கொஞ்சம் பெரிது, ஒளிக்கதிரை வைத்துக் கண்டுபிடிக்கிற ஆப்டிகல் டிடெக்டர் அதைப் பிடிக்கத்தான் செய்யும். பஞ்சு மெத்தை கனன்று கனன்று புகைவதைப் பிடிப்பதற்கென்றே செய்தது அது. சில மாடல்களில் அமைதி பட்டன் இருக்கும், அமுக்கினால் பத்து நிமிடம் போல அடங்கியிருந்துவிட்டு தானாகவே வேலைக்குத் திரும்பும், அந்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பாலித்தீன் கவர் மாட்டாதீர்கள், இந்த வெள்ளிக்கிழமை போட்ட கவர் அடுத்த வெள்ளிக்கிழமையும் அங்கேயேதான் இருக்கும்.


சந்தேகப்பிராணி:

எதற்கு இவ்வளவு கஷ்டம்? மரவீட்டிலா இருக்கிறீர்கள்? அமெரிக்காவில் பலகை வீடு, அவர்களுக்கு வேண்டும். நம்முடையது செங்கல், கான்கிரீட், எரிவதற்கு என்ன இருக்கிறது? தேவையில்லாத செலவு.


பேனல்காரன்:

எரிவது சுவர் இல்லை சார், சோபா, மெத்தை, திரைச்சீலை, பிளாஸ்டிக் நாற்காலி, பீரோ நிறையத் துணி. அதுவும் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பு இல்லை, புகை. தூங்குகிறவருக்கு மூக்கு உதவாது, புகை வாசம் வந்தால் விழித்துக்கொள்வேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதில் கலந்திருக்கிற கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயுவுக்கு வாசமே கிடையாது. கான்கிரீட் வீட்டில் ஜன்னலை அடைத்து ஏசி போட்டுப் படுத்தால் அந்தப் புகை வெளியே போகவும் வழியில்லை. பேட்டரி டிடெக்டர் ஒரு நல்ல மிக்ஸி ஜார் விலைகூட வராது.


ஈசூன்_அக்கா:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2018 ஜூன் 1 முதல் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய வீட்டில் தீப் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டிய அளவுக்குப் புதுப்பிப்பு வேலை செய்தால் அப்போதும் மாட்ட வேண்டும். எங்களுடையது பழைய வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடு, யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் வாங்கி மாட்டினேன். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள நடைபாதையில் ஒன்று, பத்து வருடம் மாற்றத் தேவையில்லாத லித்தியம் பேட்டரி உள்ளேயே அடைத்து வருகிற வகை. ராத்திரி கீச் தொல்லை இல்லை, பேட்டரியைப் பிடுங்கவும் முடியாது, உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு அதுதான் சரி 😀

ஸ்கூட்டர் விஷயத்தில் மேலே அண்ணன் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். மின்ஸ்கூட்டர் பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜில் விட்டுத் தூங்காதீர்கள், வாசலை அடைத்து வைக்காதீர்கள் என்று எங்கள் குடிமைத் தற்காப்புப் படை சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ஒரு சந்தேகம் அண்ணா, மாதம் ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பார்க்கிறேன், அது போதுமா? மாமியார் ஊதுபத்தி காட்டி டெஸ்ட் செய்யச் சொல்கிறார்.


பேனல்காரன்:

மாதம் ஒரு தடவை பட்டன், வீட்டுக்கு அது போதும். அமுக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கிற மின்சுற்று, பேட்டரி, சைரன் மூன்றும் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். புகை நிஜமாகவே உள்ளே போகிறதா என்பது மட்டும் தெரியாது, வலைக்கண்ணில் தூசியும் ஒட்டடையும் அடைத்திருந்தால் பட்டனுக்கு அது புரியாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வாக்யூம் கிளீனரின் மெல்லிய பிரஷ்ஷை வைத்து ஓரங்களைச் சுற்றி உறிஞ்சுங்கள். குட்டி எறும்பு, சிலந்தி உள்ளே குடியேறினாலும் பொய் அலாரம் வரும், எங்களுக்கு வருகிற புகாரில் பாதி பூச்சிதான். ஊதுபத்தி வேண்டாம், அதன் பிசுக்கு உள்ளே படிந்துவிடும். கொசு மருந்து ஸ்பிரேயும் அடிக்காதீர்கள். இதற்கென்றே டெஸ்ட் ஸ்மோக் டப்பா விற்கிறது, நாங்கள் வேலைக்கு அதைத்தான் எடுத்துப் போகிறோம்.

அப்புறம், பின்பக்கம் தயாரிப்புத் தேதி அச்சிட்டிருக்கும். அதிலிருந்து பத்து வருடம், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. பத்தாவது வருடம் பட்டனுக்கு அடித்தாலும் தூக்கிப் போடுங்கள்.


செயலர்_பி_பிளாக்:

எங்கள் அடுக்குமாடிக் கதையையும் கேளுங்கள். ஒன்பது மாடி, எல்லா டிடெக்டரும் வயரில் வந்து சேர்கிற அலாரம் பேனல், மாடிக்கு மாடி டிடெக்டர் எல்லாம் பில்டர் போட்டுக் கொடுத்தது. நான் பொறுப்பேற்ற அன்றைக்கு ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு ஏணி போட்டுப் பார்த்தேன். இருபத்தேழு டிடெக்டரில் பதினொன்றில் சிவப்பு பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது, பெயின்ட் வேலையின்போது தூசி போகாமல் இருக்கப் போட்டதாம், ஐந்து வருடமாக யாரும் கழற்றவில்லை. கீழே பேனலில் ஹூட்டர், அதாவது சைரனுக்குப் போகிற வயரே இல்லை. செக்யூரிட்டியிடம் கேட்டால் போகி அன்று காலையில் கத்தியது சார், எல்லோரும் திட்டினார்கள், எலக்ட்ரீஷியன் வந்து கழற்றிப் போனார் என்றார். வருடாந்திரப் பராமரிப்புக்கு மட்டும் ஒழுங்காகப் பில் வந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்ட முந்தைய செயலர் நான்காவது மாடியில்தான் இருக்கிறார், இன்னும் என்னோடு பேசுவதில்லை.


மாடிவீட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இன்று கடையில் வாங்கிய மூன்றையும் பிரித்தேன். பேட்டரி போட இடமே இல்லை, பின்னால் நான்கு திருகு முனை, 24 வோல்ட் டிசி என்று போட்டிருக்கிறது, சைரன் துளையும் காணோம். அடாப்டர் வாங்கி மாட்டலாமா?


பேனல்காரன்:

நினைத்தேன். அது பேனலோடு சேர்கிற தலை, அதாவது சென்சார் மட்டும் தம்பி. தனியாக மாட்டினால் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான், வீடே எரிந்தாலும் சத்தம் வராது. பேனல், ஹூட்டர், வரிசைக் கடைசியில் ஒரு ரெசிஸ்டர் எல்லாம் சேர்ந்தால்தான் அது டிடெக்டர். இரண்டு மாடி வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கும்போது பின்பக்கம் ஈஎன் 14604 அல்லது யூஎல் 217 என்று இருக்கிறதா என்று பாருங்கள், சைரனோடு சேர்ந்த தனி ஸ்மோக் அலாரத்துக்கான தரம் அது. ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கிற வயர்லெஸ் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள், கீழே அடித்தது மேலே ஏசி ஓடுகிற அறைக்குள் கேட்காது. மொட்டைமாடியில் ஷீட் கூரை போட்ட அறை இருந்தால் அங்கே 57 டிகிரி ஹீட் டிடெக்டர் ஆகாது, மே மாத வெயிலுக்கே அடித்துவிடும், கூடுதல் வெப்ப அளவுள்ளதைக் கேளுங்கள்.

கேஸ் கசிவை இவை எதுவும் கண்டுபிடிக்காது, அதற்குத் தனிக் கருவி. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் அது தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். கூரையில் மாட்டிவைத்த புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன்.

கேட்க மறந்தேன், ராத்திரி கிரில் கேட் சாவி எங்கே இருக்கும்?


மாடிவீட்டுக்காரன்:

அப்பா தலையணைக்கு அடியில்.


பேனல்காரன்:

புகையில் அதைத் தேட முடியாது. கேட்டுக்குப் பக்கத்திலேயே, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் ஆணி அடித்து மாட்டச் சொல்லுங்கள்.


மாடிவீட்டுக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வயர்லெஸ் ஸ்மோக் நான்கு, அதோடு சேர்கிற ஹீட் ஒன்று வாங்கி மாட்டியாயிற்று. மலிவு சரக்கைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார், பாடம் படித்த கணக்கில் போகட்டும். ஸ்கூட்டர் சார்ஜ் இப்போது காம்பவுண்டு சுவர் ஓரம். மிளகாய் தாளித்து மூன்று வாரம் ஆகியும் சமையலறை வாய் திறக்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணித் தட்டோடு நடைக்குள் வந்துவிட்டார், ஐந்தும் ஒன்றாகக் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் ஏறிக் குதித்து வந்தார். இப்போது அம்மாவே முதலில் ஒட்டடைக் குச்சியின் பின்முனையால் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு அப்புறம்தான் தட்டை எடுக்கிறார். சாவிக்கு ஆணி அடித்தாயிற்று, அப்பா மட்டும் இன்னும் தலையணைக்கு அடியில்தான் வைக்கிறார், அதனால் ஆணிக்கென்று இன்னொரு சாவி போட்டேன்.