எலுமிச்சைக்கு ஓட்டைத் தொட்டி: திருச்சி வெயிலுக்கு ஒத்துவருமா?

கேள்வி:
மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டியில் எலுமிச்சை வைத்திருக்கிறேன். புது இலைகள் சிறுத்துப் போகின்றன. ஊற்றும் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், வேர் சுவரை ஒட்டிச் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கிறது, மண்ணே தெரியவில்லை. பக்கமெல்லாம் ஓட்டை வைத்த தொட்டிக்கு மாற்றலாமா?

பதில் 1:
தாராளமாக மாற்றுங்கள். வேர் நுனி ஓட்டைக்கு வந்து காற்றுப் பட்டதும் காய்ந்து நின்றுவிடும். அதற்குப் பின்னாலிருந்து பக்க வேர்கள் கிளைக்கும். தொட்டி முழுக்க மெல்லிய வேர் பரவும். தண்ணீரையும் உரத்தையும் உறிஞ்சுவது அதுதான். ஆனால் ஏற்கெனவே சுற்றிய வேரைப் புதுத் தொட்டி நேராக்காது. ஓரத்தில் சுருண்டதை நல்ல கத்தியால் சீவிவிட்டு நடுங்கள். இதைச் சித்திரை வெயிலில் செய்ய வேண்டாம், மழை தொடங்கட்டும்.

பதில் 2:
தடித்த துணிப் பையும் இதே வேலையைச் செய்யும், விலையும் குறைவு. தரையில் அப்படியே வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் காற்றுப் போகாவிட்டால் அங்கே வேர் சுற்றத்தான் செய்யும்.

கேள்வி கேட்டவர்:
சரி, தண்ணீர்?

பதில் 2:
அதுதான் இதில் உள்ள ஒரே தொல்லை. நாலா பக்கமும் காய்வதால் கோடையில் காலை, மாலை இரண்டு வேளையும் ஊற்ற வேண்டியிருக்கும். மண்கலவையில் தென்னை நார்க்கழிவு சேர்த்து, மேலே காய்ந்த இலை பரப்புங்கள். நாலு நாள் ஊருக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.