பைப் கேஸ் மாத்தினபிறகு பெரிய பர்னரில் மஞ்சள் தீ, சிம்மில் அணையுது – என்ன செய்யணும்?

அம்பத்தூர் மூணாவது மாடி:
சிலிண்டரை விட்டுட்டு பைப் கேஸுக்கு வந்து ஒரு வாரம். அதே மூணு பர்னர் கண்ணாடி அடுப்புதான். மெக்கானிக் ஜெட் (பர்னருக்குள்ள கேஸைப் பாய்ச்சுற, பொடித் துளை உள்ள சின்னத் திருகு) வேலை பார்த்துக் கொடுத்தார். பெரிய பர்னரில் தீ நுனி மஞ்சளா ஆடுது, இட்லிக் குண்டான் அடி கரி பிடிக்குது. சின்ன பர்னர் சிம்மில் அரை நிமிஷம்கூட நிக்கல. மூணாவது மட்டும் நல்ல நீலம். லைனில் பிரஷர் கம்மியா? அடுப்பையே மாத்தணுமா?

நீலத்தீ:
மூணையும் ஒண்ணா எரியவிட்டும் அந்த மூணாவது நீலமாவே நின்னா, லைனைச் சந்தேகப்பட வேண்டாம். பைப் கேஸ் அடுப்புக்கு 21 மில்லிபார்ல வரும், சிலிண்டர் ரெகுலேட்டர் கொடுத்தது சுமார் 30. அதோட, ஒரே கனஅளவு எடுத்தா பைப் கேஸில் வர்ற மீத்தேனில், சிலிண்டரில் வர்ற எல்பிஜியோட சூட்டுல மூணில் ஒரு பங்குதான் இருக்கு. அதனாலதான் ஜெட் துளை பெரிசா வேணும். பழைய ஜெட்டை அப்படியே விட்டிருந்தா தீ குட்டையா, வலுவில்லாம இருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை.

ஜெட்டில் குத்தியிருக்கிற எண் துளையோட அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. அடுப்பு ஆறினதும் மெயின் வால்வை மூடி, பெரிய பர்னர் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க.

அம்பத்தூர் மூணாவது மாடி:
பார்த்தேன் சார். பழைய எண்ணேதான் இருக்கு, துளை மட்டும் பெரிசு. ஓரத்தில் பிசிர் தெரியுது.

நீலத்தீ:
அப்போ பழைய ஜெட்டிலேயே கையால ட்ரில் போட்டிருக்காங்க. இந்த வேலையை யார் செஞ்சாலும் தப்புதான். துளை கொஞ்சம் சாய்ஞ்சாலே கேஸ் மிக்ஸிங் குழாயோட (கேஸும் காத்தும் கலக்குற குழாய்) நடுவில் பாயாம சுவரில் அடிக்கும், காத்தை இழுக்காது. மஞ்சள் தீயும் கரியும் அதுலதான் வருது. கார்பன் மோனாக்சைடும் சேரும், அதனால அந்த பர்னரை இப்போதைக்குத் தொடாதீங்க. அடுப்பு கம்பெனியில் மாடல் எண் சொல்லி, பைப் கேஸ் ஜெட் செட்டா வாங்கிப் போடச் சொல்லுங்க. ஜெட் மரையில் டெஃப்லான் டேப் சுத்த விடாதீங்க, துணுக்கு பிஞ்சு துளையை அடைக்கும்.

சிம் வேற கதை. நாப்புக்குக் கீழே உள்ள வால்வில் சிம்முக்குன்னு தனியா ஒரு பொடித் துளை இருக்கு. அது எல்பிஜிக்கு அளந்தது, ஜெட்டை மாத்தினா அது மாறாது. வால்வையே மாத்தணும், இல்ல கம்பெனி ஆள் அந்தத் துளையைச் சரிபண்ணணும். நிறைய அடுப்பில் தீ அணைஞ்சா கேஸைத் தானா நிறுத்துற வசதி கிடையாது. அதுவரைக்கும் அந்த பர்னரில் சிம் வேண்டாம்.

மேல்காற்று:
எல்பிஜி தரையில் தங்கும், பைப் கேஸ் மேலே ஏறும். தரையோரம் மாட்டின லீக் அலாரம் இனி உதவாது. மீத்தேனுக்கான அலாரம் வாங்கி, சீலிங்கிலிருந்து ஒரு அடிக்குள் மாட்டுங்க. மேல் ஜன்னலை அட்டை வச்சு அடைச்சிருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க. எல்பிஜி கீசர் இருந்தா ட்யூபை மட்டும் மாத்தி இந்த லைனில் கொடுக்கக் கூடாது.

வேலை முடிஞ்சதும் மூட்டுகளில் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. அப்புறம் நாப் எல்லாத்தையும் மூடி, மெயின் வால்வை மட்டும் திறந்து, மீட்டரோட கடைசி இலக்கத்தைக் குறிச்சுக்கோங்க. அரைமணி கழிச்சு அது நகர்ந்திருந்தா வால்வை மூடிட்டு கேஸ் கம்பெனி அவசர எண்ணுக்குப் போன் பண்ணுங்க.

அம்பத்தூர் மூணாவது மாடி:
ஜெட் செட்டும் சின்ன பர்னர் வால்வும் ஆர்டர் போட்டாச்சு. அட்டையையும் எடுத்துட்டேன். நன்றி சார்.