டைனோசர் ‘காஸ்ட்’டுக்குத் தமிழ்: ‘வார்ப்பெலும்பு’ சரிவருமா?

வணக்கம்.

மட்டக்களப்பிலிருந்து எங்கள் தரம் 3 பிள்ளைகளைக் கொழும்பு இயற்கை வரலாற்று நூதனசாலைக்குக் கூட்டிப்போக இருக்கிறோம். அதற்கு முன் டைனோசர் பற்றி ஒரு செயலட்டை தயாராகிறது. லண்டனின் ‘டிப்பி’ என்ற டைனோசர் வன்கூட்டின் படத்தைக் கண்டதும் பிள்ளைகள் கேட்டது, “டீச்சர், இது உண்மையான எலும்போ?” ஓம் என்றாலும் பிழை, இல்லை என்று விட்டாலும் பிழை. 292 எலும்பு கொண்ட டிப்பி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் இருக்கும் எலும்புகளில் அச்செடுத்துப் பரிஸ் சாந்தில் வார்த்தது. 1905இல் லண்டனில் நிறுத்தினார்கள். இப்படி அச்செடுத்து வார்த்ததைத்தான் ஆங்கிலத்தில் ‘காஸ்ட்’ (cast) என்கிறார்கள். அட்டையில் அதற்குத் தமிழில் என்ன போடுவது என்பதுதான் கேள்வி. இங்கே ஒருவர் எழுதியது:

> ‘போலி வன்கூடு’ என்று போட்டால் எல்லாருக்கும் விளங்கும்.

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போலி என்றால் ஏமாற்று. மூல எலும்பின் கீறலும் குழியும் வார்த்ததிலும் அப்படியே இருக்கும். ஆய்வாளர்களே அதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

‘மாதிரியுரு’வும் பொருந்தாது. கண்ணுக்கும் இதயத்துக்கும் கையால் செய்து வைப்பதற்கு அந்தச் சொல் இருக்கிறது. ‘அச்செலும்பு’ காதுக்கு இனிமைதான். ஆனால் மேல் வகுப்பில் மண்டையோடு, முள்ளந்தண்டு, விலா எல்லாம் சேர்ந்த ‘அச்சு வன்கூடு’ வரும்போது பிள்ளை குழம்பும். வெறும் ‘வார்ப்பு’ என்றால் இன்னொரு சிக்கல்: பாறைக்குள் ஓடு கரைந்துபோய், அந்தப் பள்ளத்தில் கனிமம் நிரம்பி உண்டாகும் உயிர்ச்சுவடும் வார்ப்புத்தான்.

ஆகவே ‘வார்ப்பெலும்பு’. தனி எலும்புக்கு ஒட்டக்கூடிய சொல்லாக இருப்பது முக்கியம். சிகாகோவில் உள்ள ‘சூ’ என்ற டைரனோசரைப் பாருங்கள். உடம்பில் பெரும்பகுதி உண்மை எலும்பு. மண்டையோடு மட்டும் ஏறத்தாழ 270 கிலோ பாரம் என்பதால் தனிப் பெட்டியில் இருக்கிறது. உடம்பில் பொருத்தியிருப்பது வார்த்த மண்டையோடு. ஒரே விலங்கில் இரண்டும் கலந்து நிற்கும்போது ‘வார்ப்பு வன்கூடு’ என்று முழுதாகச் சொல்ல முடியாது. டிப்பிக்கு அது சரி.

சின்னப் பிள்ளைகளுக்குக் கடினம் என்று ஒரு ஐயா எழுதியிருந்தார். அம்மன் கோயிலில் கஞ்சி வார்ப்பதும் தலைக்குத் தண்ணி வார்ப்பதும் அவர்கள் நாளும் கேட்பவைதானே? வகுப்பில் களிமண்ணில் மட்டி ஓட்டை அமுக்கி எடுத்து, அந்தப் பள்ளத்தில் சாந்து ஊற்றிக் காட்டினோம். இறுகியதும் மண்ணைத் துடைத்துவிட்டு ஒரு பிள்ளை நகத்தால் வருடிப் பார்த்தாள். மட்டியின் வரிகள் ஒவ்வொன்றும் நகத்தில் தட்டுப்பட்டன. “ஊத்தின மட்டி” என்று அவளே பெயரும் வைத்தாள். அதற்கும் வார்ப்பெலும்புக்கும் தூரம் அதிகமில்லை.

பாடநூல் வழக்கப்படி ‘வார்ப்பென்பு’ வேண்டும் என்பவர்கள் மேல் வகுப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாம். தரம் 3க்கு எலும்பே இருக்கட்டும். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள்; அன்றைக்கு அட்டை அச்சுக்குப் போகிறது.