திங்கட்கிழமை மனு கொடுக்க யாராவது கூட வர்றீங்களா?

சேலம் மக்களுக்கு வணக்கம். மாட்டுக்கு அளவுக்கு மீறிப் பாரம் ஏத்துனாலும், நாயைக் கட்டிப்போட்டு பட்டினி போட்டாலும், 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஏற்காடு போற வழியில டீ, பஜ்ஜிக்கே அதுக்கு மேல ஆகும்!

விலங்குவதைத் தடுப்பு பொதுப் பட்டியல்ல இருக்கு, அதாவது மத்திய அரசும் மாநில அரசும் ரெண்டுமே சட்டம் போடலாம். அதனால எம்.பி., எம்.எல்.ஏ. ரெண்டு பேர்கிட்டயும் இந்த அபராதத்தைக் கூட்டச் சொல்லி சட்டத் திருத்தம் கேக்கலாம். இதே சட்டத்துக்கான 2001 விதிப்படி மாவட்டந்தோறும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இருக்கணும். நம்ம மாவட்டத்துல அது கடைசியா எப்பக் கூடுச்சுன்னு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல எழுத்துல கேக்கப்போறேன்.

மனு எழுதிப் பழக்கப்பட்டவங்க, முக்கியமா வக்கீல் யாராவது, வரைவைப் பார்த்துத் திருத்திக் கொடுங்க. ஏற்காட்டுல கையெழுத்து வாங்கவும் ஆள் வேணும். கட்சிக்காரங்களும் வரலாம், கொடி மட்டும் வேண்டாம். இன்பாக்ஸ்ல சொல்லுங்க.